கணினிக் கூடம்: தாமதம் எங்கே பிறக்கிறது?

ஓர் இணையதளம் மெதுவாக இயங்குகிறது என்று தெரிந்தவுடன் நம்மவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "புதிய சர்வர் வாங்கிவிடுவோம்." நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்காமலேயே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது இது. வாங்கிய புதிய இயந்திரமும் ஆறு மாதத்தில் பழைய இயந்திரத்தைப் போலவே திணறத் தொடங்கும்போது, அதை விற்றவர் மீது பழி போடுகிறோம். ஆனால் நோய் இருந்த இடம் வேறாக இருந்திருக்கும்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவ்வூரின் கல்வி அறக்கட்டளை ஒன்று ஏழை மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கி வருகிறது. விண்ணப்பங்கள் யாவும் இணையதளம் வழியாகவே பெறப்படுகின்றன. வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற அந்தரங்கமான தாள்கள் வெளியார் கையில் இருக்கலாகாது என்று கருதிய நிர்வாகக் குழுவினர், தங்கள் அலுவலகத்தின் பின்னறையிலேயே ஒரு கணினியைச் சர்வராக வைத்து நடத்தி வந்தார்கள். விண்ணப்பிக்க ஜூன் 30 கடைசி நாள். நான் போய்ச் சேர்ந்தது 27ஆம் தேதி காலை.

அலுவலகத் திண்ணையில் ஒரு தாயும் மகளும் அமர்ந்திருந்தார்கள். முதல் நாள் பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் காத்திருந்தும் விண்ணப்பம் ஏறவில்லையாம். ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணவனை இழந்த அந்தப் பெண்மணி அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

உள்ளே, செயலாளர் ஹாஜியார் அவர்கள் ஒரு விலைப்பட்டியலை என் முன்னே நீட்டினார்கள். புதிய சர்வர், 1,80,000 ரூபாய்.

"இன்றே பணத்தை அனுப்பினால் நாளை மறுநாள் வந்துவிடும் என்கிறார்கள். நீங்கள் சரி என்று சொன்னால் அனுப்பிவிடுகிறோம்" என்றார்கள்.

"ஒரு பகல் பொழுது எனக்குக் கொடுங்கள், ஹாஜியார். அதற்குப் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்" என்றேன்.

அந்த ஒரு பகலில் கண்டவற்றை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் கணினி படித்த பிள்ளைகள் இன்று ஏராளம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சங்கம் என்று எங்கேனும் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில் வந்து விழுகிறது. பொதுப்பணம் அமானிதம், அதைச் செலவிடச் சொல்வதற்கு முன்னர் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தீர்க்க வேண்டிய ஐயம், தாமதம் வழியிலா வீட்டிலா என்பதுதான். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தளத்திலிருக்கும் ஒரு சிறு படத்தை மட்டும் தனியே திறந்து பாருங்கள். அதுவும் தாமதமாக வருமானால் இணைய இணைப்பைச் சந்தேகிக்கலாம். படம் உடனே வந்து, விண்ணப்பப் பக்கம் மட்டும் நத்தையாக ஊருமானால், வழியில் குற்றமில்லை. பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் சர்வரின் உள்ளேதான் ஏதோ நடக்கிறது. எங்கள் சோதனையில் படம் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. விண்ணப்பப் பக்கம் 41 நொடிகள் எடுத்துக்கொண்டது.

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் தம்பிக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் 'டாப்' என்னும் கட்டளையைக் கொடுத்துத் திரையைக் காட்டினார்.

"மாமா, லோடு ஆவரேஜ் 46 என்று நிற்கிறது. நம்மிடம் இருப்பதோ நான்கு கோர் பிராசசர். அது தாங்கவில்லை, பாருங்கள்" என்றார்.

பலரும் ஏமாறும் இடம் இதுதான். லோடு என்ற எண் பிராசசரின் சுமையை மட்டும் காட்டுவது அன்று. லினக்ஸில் 1993ஆம் ஆண்டிலிருந்தே, வன்தட்டின் பதிலுக்காகக் காத்து நிற்கும் வேலைகளும் அந்த எண்ணில் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. அதே திரையில் இன்னொரு வரியைப் பார்க்கச் சொன்னேன். பிராசசர் உண்மையில் உழைத்த நேரம் நூற்றுக்குப் பதினொன்று. 'டபிள்யூ.ஏ.' என்ற எழுத்துகளுக்கு அருகே 74 என்றிருந்தது. அதாவது, நூற்றில் 74 பங்கு நேரம் பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு வன்தட்டின் பதிலை எதிர்பார்த்து நின்றிருக்கிறது. இன்னும் வேகமான பிராசசரை வாங்கியிருந்தால் அது இன்னும் வேகமாகக் காத்திருந்திருக்கும், அவ்வளவுதான்!

அப்படியானால் குற்றவாளி வன்தட்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் அப்படித்தான் கேட்டார். வன்தட்டிடம் இவ்வளவு வேலையைக் கொண்டுவந்து கொட்டுவது யார் என்று பார்க்காமல் அதற்குத் தண்டனை விதிப்பது நியாயமாகாது.

'வி.எம்.ஸ்டாட்' என்னும் கட்டளை நொடிக்கு ஒரு வரியாக எண்களைக் காட்டும். அதில் 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' என்று இரு பத்திகள் உண்டு. நினைவகத்தில் இடம் போதாதபோது சர்வர் தன்னிடமுள்ளதை வன்தட்டில் இறக்கி வைப்பதையும், மீண்டும் தேவைப்படும்போது தூக்கி வருவதையும் அவை குறிக்கின்றன. ஆரோக்கியமான சர்வரில் இவ்விரண்டும் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும். இங்கேயோ ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

காரணம் ஓர் எண். அப்பாச்சி என்னும் வெப் சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்பதற்கு 150 என்று எழுதப்பட்டிருந்தது. நிறுவியபோது வந்த எண்; யாரும் மாற்றவில்லை. ஒருவரைக் கவனிக்க ஏறத்தாழ 70 மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. 150 பேருக்கு 10,500 மெகாபைட். கணினியில் இருந்ததோ மொத்தமே 8 ஜிகாபைட். அதில் தரவுத்தளத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கலியாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் அமரக்கூடிய பந்தலில் நூற்றைம்பது பேரை ஒரே பந்தியில் திணித்துவிட்டால் சஹன் வைக்கவும் இடமிருக்காது, கையை நீட்டவும் முடியாது, பரிமாறுகிறவர் நுழையவும் வழியிருக்காது. ஒருவரும் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க மாட்டார்கள். ஐம்பது ஐம்பது பேராக அமர்த்தினால் மற்றவர்கள் வாசலில் சிறிது நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் எல்லோரும் விரைவில் உண்டு எழுந்துவிடுவார்கள். அந்த 150ஐ 50 ஆக மாற்றி, தரவுத்தளம் தன் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 2 ஜிகாபைட் ஒதுக்கினோம். அதற்கு முன் அது 128 மெகாபைட்டாக இருந்தது; அதுவும் நிறுவும்போது வந்த எண்தான். அப்பாச்சியையும் தரவுத்தளத்தையும் மறுபடி இயக்கியபோது, 41 நொடிகள் எடுத்த பக்கம் 9 நொடிகளில் வந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

ஒன்பது நொடிகளும் அதிகந்தான். தரவுத்தளத்தில் தாமதமான கேள்விகளைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டுக் கால் மணி நேரம் தேநீர் அருந்தினோம். வந்து பார்த்தால், ஒரே கேள்வி பட்டியல் முழுவதும் நிரம்பியிருந்தது. ஒரு விண்ணப்ப எண்ணுக்குரிய தாள்கள் எவை என்று கேட்கும் கேள்வி அது. அதற்காகப் புரட்டப்பட்ட வரிகள் மூன்று லட்சத்துக்கும் மேல். கிடைத்த விடை நான்கைந்து வரிகள். பல ஆண்டுகளின் தாள்கள் குறித்த விவரங்கள் அனைத்தும் ஒரே அட்டவணையில் இருந்தன. விண்ணப்ப எண்ணுக்கு இண்டெக்ஸ் போடப்படவில்லை. அகர வரிசையில்லாத அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு ஒப்பானது இது. ஒரு வரிக் கட்டளையில் இண்டெக்ஸ் உருவாக்கினோம். பக்கம் இரண்டு நொடிகளுக்குள் வந்தது. வாசலில் இருந்த அந்தப் பெண்பிள்ளையை அழைத்து விண்ணப்பத்தை ஏற்றச் சொன்னோம். முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது.

இங்கே என் தவறு ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்பகலில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தளம் திடீரென்று அரை நிமிடம் உறைந்து நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது. மறுபடியும் அப்படியே. அப்போதுதான் வன்தட்டின் உடல்நிலை அறிக்கையைத் திறந்து பார்த்தேன். 'ஸ்மார்ட்' எனப்படும் அவ்வறிக்கையில் 197ஆம் எண்ணுக்கு எதிரே 24 என்றிருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகள் இருபத்து நான்கு. இதை நான் காலையில், எதையும் தொடுவதற்கு முன்னரே பார்த்திருக்க வேண்டும்.

"தம்பி, இந்தத் தரவுக்கு வேறு நகல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "ஜனவரியில் ஒன்று எடுத்தேன், மாமா."

அந்த ஆண்டின் விண்ணப்பங்கள் அனைத்தும், இறந்துகொண்டிருக்கும் அந்த ஒற்றைத் தட்டில் மட்டுமே இருந்தன. உடனே கடைத்தெருவுக்கு ஆளனுப்பி வெளித்தட்டு ஒன்றை வரவழைத்து, முதலில் தரவுத்தளத்தையும், பிறகு தாள்களையும் நகலெடுத்தோம். இரவு பத்து மணியாயிற்று. மூன்று கோப்புகள் தேறவில்லை. அம்மூன்று குடும்பங்களுக்கும் மறுநாள் தொலைபேசியில் சொல்லி மீண்டும் பெற்றுக்கொண்டார்கள். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தட்டுகளைக் கண்காணித்து 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத தட்டுகளைவிட 39 மடங்கு என்று அதில் கண்டிருக்கிறது. ஆனால் தோற்றுப்போன தட்டுகளில் கணிசமான பகுதி எந்த முன்னறிவிப்பையும் ஸ்மார்ட் அறிக்கையில் தராமலேயே போயின என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே அறிக்கை சுத்தமாக இருப்பதும் ஒரு பாதுகாப்பன்று.

அந்த அரை நிமிட உறைவுக்கும் ஒரு விளக்கம் உண்டு. வீட்டுக் கணினிக்கென விற்கப்படும் தட்டு, படிக்க முடியாத ஓரிடத்தைச் சந்தித்தால் விடாமல் மீண்டும் மீண்டும் முயலும். வீட்டில் அது நல்ல குணம். நம் குடும்பப் படம் எப்படியாவது திரும்பக் கிடைத்தால் போதும் அல்லவா? சர்வருக்கென்று செய்யப்பட்ட தட்டோ ஏறத்தாழ 7 நொடிகளில் கைவிட்டு, "என்னால் முடியவில்லை" என்று சொல்லிவிடும். இணைத்தட்டிலிருந்து சர்வர் அதைப் பெற்றுக்கொள்ளும். பின்னறையில் இருந்தது முதல் வகைத் தட்டு. அதுவும் தனித்தட்டு.

ஆக, இப்போதுதான் தட்டு வாங்கும் பேச்சே எழுகிறது. எந்தத் தட்டு?

தட்டின் மீது அச்சிடப்பட்ட கொள்ளளவைப் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். சர்வருக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவன்று. சின்னச் சின்னக் கேள்விகளுக்கு ஒரு நொடியில் எத்தனை முறை பதில் சொல்லும் என்பதே. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று: 4.2 மில்லிநொடி. ஊசியைத் தாங்கிய கை நகர்ந்து சேர இன்னும் எட்டு மில்லிநொடி. கூட்டினால் ஒரு பதிலுக்குப் பன்னிரண்டு மில்லிநொடிக்கு மேல். நொடிக்கு எண்பது பதில்கள். தரவுத்தளத்தின் பக்கம் ஒன்று 16 கிலோபைட். அங்கொன்றும் இங்கொன்றுமாக 400 பக்கங்கள் தேவைப்பட்டால் ஐந்து நொடிகள் ஆகிவிடும். மொத்தமாகப் பார்த்தால் அது ஆறரை மெகாபைட்கூட இல்லை. ஆனால் இதே தட்டு தொடர்ச்சியாக அடுக்கப்பட்ட ஒரு ஜிகாபைட் படத்தை ஏறக்குறைய அதே நேரத்தில் படித்துவிடும்! தட்டின் சுமை அளவில் இல்லை, அலைச்சலில் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு பதிலுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிநொடி. அந்த 400 பக்கங்களும் 40 மில்லிநொடிகளில் வந்துவிடும். 15,000 முறை சுழலும் பழைய சர்வர் தட்டுகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன என்று ஒரு நண்பர் அங்கே ஆசை காட்டினார். அவை நொடிக்கு இருநூறு பதில் சொல்லும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் சொல்லும். மலிவு என்பதற்காக அவற்றை வாங்க இன்று ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 2011ஆம் ஆண்டு முதல் வடிவம் கண்ட என்.வி.எம்.இ. முறைத் தட்டுகள் இன்னும் பல மடங்கு வேகமானவை. ஆனால் பின்னறைக் கணினியில் அதற்கான பொருத்துவாய் இல்லை. அந்தத் தளத்துக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை.

எஸ்.எஸ்.டி. என்ற பெயரில் விற்பவை யாவும் ஒன்றல்ல. ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி., நான்கு பிட் வைக்கும் கியூ.எல்.சி. என்று வகைகள் உண்டு. பின்னது மலிவு, தொடர்ந்து எழுதும்போது முன்னிடம் நிரம்பியதும் அதன் வேகம் சட்டென்று விழும். இதைவிட முக்கியமான ஒன்றை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. ஒரு விண்ணப்பம் வந்தவுடன் தரவுத்தளம் தட்டைப் பார்த்து, "எழுதி முடித்துவிட்டாயா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கும். மின்சாரம் நின்றாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் பொருத்தப்பட்ட தட்டு, உடனே "ஆம்" என்று உண்மையாகச் சொல்ல முடியும். அவை இல்லாத வீட்டுத் தட்டு ஒவ்வொரு முறையும் உள்ளே எழுதி முடித்துவிட்டே பதில் சொல்ல வேண்டும். படிப்பதில் புலியாக இருந்த தட்டு, தரவுத்தளத்துக்கு எழுதுவதில் பூனையாகிவிடுவது இதனால்தான். மின்வெட்டு சகஜமான நம் ஊர்களில் மின்தேக்கி உள்ள தட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை வீண்போகாது.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயுமே என்ற அச்சம் பொருளாளருக்கு இருந்தது. நியாயமான கேள்வி. அந்தச் சர்வர் ஒரு நாளைக்கு எழுதுவது 20 ஜிகாபைட் அளவு, ஆண்டுக்கு 7.3 டெராபைட். நாங்கள் பார்த்த தட்டுகளுக்குத் தயாரிப்பாளர் உறுதியளித்திருந்த எழுத்தளவோ பல நூறு டெராபைட். தேய்வதற்குள் தட்டே பழைய காலத்துப் பொருளாகிவிடும்.

480 ஜிகாபைட் கொண்ட இரண்டு சர்வர் வகை எஸ்.எஸ்.டி.க்களை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுமாறு இணைத்தோம். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைக்காரர் சிரித்தார். ஹெச்.பி.இ. நிறுவனம் தன்னுடைய சிலவகை எஸ்.எஸ்.டி.க்கள், உள்மென்பொருளில் இருந்த பிழையால் 32,768 மணி நேரம் ஓடியதும் ஒரேயடியாகச் செயலிழக்கும் என்று 2019ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்து, திருத்தப்பட்ட மென்பொருளை வெளியிட்டது. ஒரே நாளில் பொருத்திய இரட்டைத் தட்டுகளின் நிலை என்னவாகியிருக்கும்! இரட்டைத் தட்டு என்பது நகலும் அன்று. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

ஆகவே இரவு நகலுக்கென்று 4 டெராபைட் சுழல்தட்டு ஒன்று வாங்கப்பட்டது. இங்கே அலைச்சல் இல்லை, அடுக்கி வைப்பதுதான் வேலை, சுழல்தட்டே போதும். ஆனால் அதிலும் ஒரு பொடி எழுத்து உண்டு. நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். முறைத் தட்டில், நடுவே ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் உள்ளவற்றையும் பிரித்து அடுக்க வேண்டும்; எழுதும் வேகம் படுத்துவிடும். பெரிய தயாரிப்பாளர்கள் இம்முறையைச் சில தட்டுகளில் புகுத்தியிருந்ததை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது 2020ஆம் ஆண்டு வெளிவந்து பெரும் சர்ச்சையாயிற்று. சி.எம்.ஆர். என்று எழுத்தில் உறுதி பெற்றுக்கொண்டு வாங்குங்கள். கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கும் தட்டு சர்வருக்கு ஆகாது.

வாரம் ஒருமுறை வெளித்தட்டு ஒன்றில் எடுத்த நகல் பூட்டிய பெட்டியில் ஹாஜியார் அவர்களின் வீட்டுக்குப் போகிறது. மொத்தச் செலவு 38,000 ரூபாய். மீதமான 1,42,000 ரூபாயில், ஆளுக்கு 15,000 வீதம் ஒன்பது பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி நாளன்று மாலை நெரிசலிலும் பக்கம் ஒரு நொடிக்குள் வந்தது என்று தம்பி தொலைபேசியில் சொன்னார். 'ஐ.ஓ.ஸ்டாட்' கட்டளையில் புதிய தட்டு நூற்றுக்கு நூறு வேலையாக இருப்பதாக ஒரு கணம் காட்டியதைக் கண்டு பயந்துவிட்டாராம். ஒரே நேரத்தில் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எஸ்.எஸ்.டி.க்கு அந்த எண் சரியான அளவுகோல் அன்று. அதே வரிசையில் 'அவெய்ட்' என்னும் காத்திருப்பு நேரம் ஒரு மில்லிநொடியைத் தாண்டாதவரை கவலை வேண்டாம் என்று சொன்னேன்.

பழைய தட்டைக் காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வருமானச் சான்றிதழும் அடையாள அட்டையும் அதில் இருந்தன. கோப்புகளை அழித்துவிட்டதால் அவை போய்விடுவதில்லை. ஓர் இரவு முழுவதும் அதன்மேல் வெற்றுத் தரவை எழுத வைத்து, எழுத முடியாத பகுதிகள் எஞ்சியிருந்ததால், மறுநாள் மூடியைக் கழற்றி உள்ளிருந்த தகடுகளைத் தம்பியே சுத்தியலால் வளைத்தார். அதன் பிறகே அது கடைக்குப் போயிற்று.